காய்ச்சல் போயாச்சு... மறுபடி ஓட ஆரம்பிக்கலாமா?

நவம்பர்ல டெங்கு. ஜனவரி முதல் வாரம் மாரத்தான். நடுவுல இருந்தது ஏழே வாரம்.

இது என் கதை. ஆனா, உங்க ரன்னிங் வாட்ஸ்அப் குரூப்பைக் கொஞ்சம் மேலே ஸ்க்ரோல் பண்ணிப் பாருங்க. "டாக்டர், பிளேட்லெட் நார்மல் ஆயிடுச்சு, லாங் ரன் போலாமா?"னு யாரோ ஒருத்தர் கேட்டிருப்பார். அதுக்குக் கீழே டாக்டரே இல்லாத பத்து பேர் பதில் போட்டிருப்பாங்க. பாதிப் பேர் "கோ ஃபார் இட் ப்ரோ", மீதிப் பேர் "ரெஸ்ட் எடுங்க ப்ரோ". எத்தனை நாள் ரெஸ்ட், எப்படித் திரும்பணும்னு மட்டும் யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க.

நானும் அப்படித்தான் குழம்பினேன். ஆகஸ்ட்லயே 21 கிலோமீட்டருக்குப் பணம் கட்டியாச்சு. ஆஸ்பத்திரியில அஞ்சு நாள் டிரிப்ஸோட படுத்துட்டு வீட்டுக்கு வந்தப்போ, டிஸ்சார்ஜ் பேப்பர்ல இருந்தது 'போதிய ஓய்வு, நிறைய நீராகாரம்'. அவ்ளோதான். வீட்டுக்கு வந்த ஆறாவது நாள், அம்மா எழுந்திருக்கறதுக்கு முன்னாடி ஷூவை எடுத்துட்டு பெசன்ட் நகர் பீச்சுக்குக் கிளம்பிட்டேன். காய்ச்சல் இல்லை. சாப்பாடு இறங்குது. வேற என்ன வேணும்?

முதல் கிலோமீட்டர் சூப்பர். பழைய வேகத்துல இருந்து பத்து செகண்ட்தான் குறைவு. ரெண்டாவது கிலோமீட்டர்ல வாட்ச்சைப் பார்த்தேன். வழக்கமா 150-ல ஓடற இதயத்துடிப்பு 182 காட்டுச்சு. வாட்ச்தான் தப்பா காட்டுதுனு நினைச்சு இன்னும் கொஞ்சம் ஓடினேன். அப்புறம் கண்ணுக்கு முன்னாடி பூச்சி பறந்துச்சு. பிளாட்பாரத்துல உட்கார்ந்துட்டேன். வாக்கிங் வந்த பெரியவர் ஒருத்தர் தண்ணி கொடுத்துட்டு, "வெறும் வயித்துல ஓடினியா தம்பி?"னு கேட்டார். டெங்குன்னு சொல்ல வெட்கமா இருந்துச்சு. ஆமாம்னு தலையாட்டிட்டேன்.

இப்படி உட்கார்றவங்க எண்ணிக்கையை யாரும் கணக்கெடுக்கறதில்லை. நல்லவேளையா, பெரும்பாலானவங்க எழுந்து வீட்டுக்குப் போயிடறாங்க.

காலண்டர்லயே இருக்கும் சிக்கல்

சென்னையில் வடகிழக்குப் பருவமழை அக்டோபர்ல ஆரம்பிச்சு டிசம்பர் வரைக்கும் போகும். தேங்கின தண்ணி, ஏடிஸ் கொசு, டெங்கு, சிக்குன்குனியா, ஃப்ளூன்னு காய்ச்சல் சீஸனும் அதே நேரத்துலதான். சென்னை மாரத்தான் நடக்கறது ஜனவரி தொடக்கத்துல. 2025-ல் ஜனவரி 5. ஓடறதுக்கு அது அருமையான மாசம், அதுல சந்தேகமே இல்லை. இந்த ஊர்ல மனுஷன் வியர்வையில குளிக்காம ஓடறதுக்குக் கிடைக்கறது அந்தச் சில வாரங்கள்தான்.

ஆனா, ஜனவரியில ஓடணும்னா எப்போ பயிற்சி எடுக்கணும்? இணையத்துல கிடைக்கற 16 வார அட்டவணை எதையாவது எடுத்து ஜனவரியில இருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்க. நீண்ட தூரம் ஓடவேண்டிய ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் நவம்பர், டிசம்பர்ல வந்து விழும். அதாவது, உடம்பு படுக்க அதிக வாய்ப்பு இருக்கற வாரங்களும், அட்டவணைப்படி அதிகமா உழைக்கவேண்டிய வாரங்களும் ஒண்ணு. காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்தவருக்கு அட்டவணை என்ன சொல்லும்? "நீ மூணு லாங் ரன் பாக்கி"ன்னு சொல்லும். அதை ஈடுகட்டத்தான் ஆறாவது நாளே ஷூவை மாட்டறோம்.

இதுல பணமும் இருக்கு. பெரும்பாலான ஓட்டங்கள்ல ஒருமுறை பதிவு செஞ்சா பணம் திரும்பாது. 'நோ ரீஃபண்ட், நோ டிரான்ஸ்ஃபர்'னு பொடி எழுத்துல இருக்கறதை நாம படிக்கறதே உடம்பு சரியில்லாம போனதுக்கு அப்புறம்தான்.

பயமுறுத்தும் செய்திகள்... நிஜமா என்ன சொல்கின்றன?

இன்னொரு பக்கம், உங்க ஃபேமிலி குரூப் இருக்கு. ஜிம்மில் சரிந்து விழுபவர், கிரிக்கெட் ஆடும்போது மயங்கும் இளைஞர், கல்யாண மேடையில் ஆடிக்கொண்டே விழுபவர்னு சிசிடிவி வீடியோக்கள் வந்துட்டே இருக்கும். 2021 அக்டோபர்ல கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார் 46 வயசுல இறந்தப்போ, ஜிம்முக்குப் போகவே பயந்தவங்க ஏராளம். 2023 நவராத்திரி சமயத்துல குஜராத்ல கர்பா ஆடினவங்க சிலர் மாரடைப்பால இறந்தாங்க. அப்போ மத்திய சுகாதார அமைச்சரா இருந்த மன்சுக் மாண்டவியா, கடுமையான கோவிட் பாதிப்புக்கு ஆளானவங்க ஓரிரு வருஷத்துக்குக் கடும் உழைப்பு, ஓட்டம், தீவிர உடற்பயிற்சியைத் தவிர்க்கணும்னு சொன்னார். அதுக்கு அவர் ஆதாரமா காட்டினது ஐ.சி.எம்.ஆர் ஆய்வை.

அந்தச் செய்தி வாட்ஸ்அப்ல சுத்தி நம்ம வீட்டுக்கு வந்து சேர்ந்தப்போ, "கோவிட் வந்தவங்க ஓடவே கூடாதாம்"னு ஆயிடுச்சு. 'கடுமையான' என்கிற வார்த்தை வழியிலேயே எங்கேயோ விழுந்துடுச்சு.

அந்த ஆய்வு என்ன சொல்லுதுன்னு பார்த்துடலாம். நாடு முழுக்க 47 பெரிய மருத்துவமனைகள் பங்கெடுத்தன. 18 முதல் 45 வயசுக்குள்ள, வெளிப்பார்வைக்கு ஆரோக்கியமா இருந்து, காரணம் தெரியாம திடீர்னு இறந்துபோன 729 பேரை எடுத்துக்கிட்டாங்க. அதே வயசு, அதே பகுதியைச் சேர்ந்த உயிரோடு இருக்கறவங்களோட ஒப்பிட்டுப் பார்த்தாங்க. இறந்தவங்ககிட்ட அதிகமா இருந்த விஷயங்கள்: கோவிட்டுக்காக மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டது, குடும்பத்துல யாராவது திடீர்னு இறந்தது, இறப்பதற்கு முந்தின 48 மணி நேரத்துல அளவுக்கு மீறிக் குடிச்சது, போதைப்பொருள், அதே 48 மணி நேரத்துல தீவிர உடலுழைப்பு. தடுப்பூசி போட்டதால ஆபத்து கூடினதா அந்த ஆய்வுல தெரியலை. ரெண்டு டோஸ் போட்டவங்களுக்கு ஆபத்து குறைவாவே இருந்துச்சு. 2025 ஜூலையில கர்நாடகாவின் ஹாசன் மாவட்ட மரணங்கள் பத்திப் பேச்சு எழுந்தப்போ, மத்திய சுகாதார அமைச்சகம் இதைத்தான் மறுபடி சொல்லுச்சு.

பட்டியல்ல தீவிர உடலுழைப்பு இருக்கு, உண்மைதான். ஆனா இது தொடர்பைக் காட்டற ஆய்வு. ஓடினதாலதான் இறந்தாங்கன்னு நிரூபிக்கற ஆய்வு இல்லை. எனக்கு அதைவிட முக்கியமா படறது 1993-ல் அமெரிக்காவுல வெளியான ஓர் ஆய்வு. மாரடைப்பு வந்த 1,200-க்கும் மேற்பட்டவங்ககிட்ட, அதுக்கு முந்தின ஒரு மணி நேரத்துல என்ன செஞ்சாங்கன்னு கேட்டாங்க. கடுமையான உழைப்பு மாரடைப்பைத் தூண்டலாம்னு தெரிஞ்சுது. ஆனா எல்லாருக்கும் ஒரே அளவு இல்லை. வாரத்துக்கு அஞ்சு முறையோ அதுக்கு மேலயோ உடற்பயிற்சி செய்யறவங்களுக்கு அந்த நேரத்து ஆபத்து சுமார் 2.4 மடங்குதான் கூடுச்சு. வாரத்துக்கு ஒரு தடவைகூட செய்யாம இருந்துட்டுத் திடீர்னு மூச்சைப் பிடிச்சு உழைச்சவங்களுக்கு? 100 மடங்குக்கும் மேல.

அந்த ரெண்டு எண்ணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. இதுல ஒரு எச்சரிக்கை சொல்லிடறேன். ஆய்வுல இருந்தவங்க பெரும்பாலும் நடுத்தர வயசைத் தாண்டினவங்க, அதனால அந்த எண்ணை அப்படியே 27 வயசுக்காரர் மேல ஒட்ட முடியாது. ஆனா திசை தெளிவா இருக்கு. ஓட்டத்தைவிட, பழக்கம் விட்டுப்போன உடம்பைத் திடீர்னு விரட்டறதுதான் வம்பு. அஞ்சு வாரம் படுத்து எழுந்த ரன்னர் எந்தப் பக்கத்துல நிக்கறார்? மனசுல அவர் இன்னும் முதல் கோஷ்டி. உடம்புல ரெண்டாவது கோஷ்டிக்கு நகர ஆரம்பிச்சிருப்பார்.

மூணு வாரமும் முப்பது வருஷமும்

"பத்து இருபது நாள் படுத்ததுல என்ன பெருசா குறைஞ்சிடும்?"னு தோணுதுல்ல? 1966-ல் அமெரிக்காவின் டல்லாஸ் நகர்ல இதைச் சோதிச்சே பார்த்தாங்க. இருபது வயசுல ஆரோக்கியமான அஞ்சு இளைஞர்கள். மூணு வாரம் படுக்கையிலேயே இருக்கணும், அவ்ளோதான் வேலை. கேட்க ஜாலியா இருக்கு. மூணு வாரம் கழிச்சு அளந்தப்போ, உடம்பு அதிகபட்சமா ஆக்ஸிஜனைப் பயன்படுத்திக்கற திறன், அதாவது நம்ம வாட்ச்ல 'விஓ2 மேக்ஸ்'னு வருதே, அது சராசரியா கால் பங்குக்கும் மேல சரிஞ்சிருந்தது.

முப்பது வருஷம் கழிச்சு, அதே அஞ்சு பேரையும் ஐம்பது வயசுல தேடிப் பிடிச்சு மறுபடி அளந்தாங்க. தொப்பை போட்டிருக்கு, எடை கூடியிருக்கு. ஆனாலும் முப்பது வருஷ வயசு அவங்ககிட்ட இருந்து பறிச்சதைவிட, அந்த மூணு வாரப் படுக்கை பறிச்சது அதிகம்!

இவங்களுக்குக் காய்ச்சல்கூட இல்லை, கவனிங்க. சும்மா படுத்ததுக்கே இந்தக் கதி. இன்னொரு விஷயம்தான் என்னை உலுக்குச்சு. படுக்கைக்குப் பிறகு பயிற்சி கொடுத்தப்போ எல்லாரும் மீண்டாங்க. ஆனா, அந்த அஞ்சு பேர்ல முன்னாடியே நல்ல பயிற்சியில இருந்தவங்களுக்குத் தங்களோட பழைய உயரத்தைத் தொட மத்தவங்களைவிட அதிக நாள் ஆச்சு. "நான் வழக்கமா ஓடறவன், சீக்கிரம் வந்துடுவேன்"னு நாம சொல்லிக்கறது பாதிதான் உண்மை. வந்துடுவோம். ஆனா நாம திரும்பிப் போகவேண்டிய இடமே தூரத்துல இருக்கு.

ஏன் இப்படி? படுத்திருக்கும்போது ரத்தத்தின் நீர் அளவு குறையும். ஒவ்வொரு துடிப்புக்கும் இதயம் வெளியே தள்ளற ரத்தம் குறையும். அதே வேகத்துல ஓட இதயம் கூடுதலா அடிச்சே ஆகணும். என் வாட்ச் காட்டின 182-க்கு இதுதான் காரணம்னு பின்னாடி புரிஞ்சுது. போதாக்குறைக்கு நம்ம கடற்கரை ஈரக்காத்துல வியர்வை சீக்கிரம் உலராது. உடம்பைக் குளிரவைக்க இதயம் இன்னும் கொஞ்சம் ஓவர்டைம் பார்க்கணும்.

டெங்குவுக்குன்னு சில தனிக் கணக்கு

டெங்குவுல காய்ச்சல் இறங்கினதும் பிழைச்சோம்னு நினைப்போம். உண்மையில ஆபத்தான கட்டம் காய்ச்சல் இறங்கற அந்த ஒண்ணு ரெண்டு நாள்லதான் ஆரம்பிக்கும். ரத்தக்குழாய்ல இருந்து நீர் கசியறது, ரத்தப்போக்கு எல்லாம் அப்போதான் வரும். 'ஜுரம் விட்டுடுச்சு'ங்கறது டெங்குவுல நல்ல செய்தி மட்டும் இல்லை.

அதைத் தாண்டி வந்தாலும் அசதி வாரக்கணக்குல இழுக்கும். மாடிப்படி ஏறினா மூச்சு வாங்கும், மதியம் மூணு மணிக்குத் தலை சாயும். அம்மா நிலவேம்புக் கஷாயத்தோட நிப்பாங்க. குடிச்சுட்டுப் போங்க, ஆனா அதை ஓடறதுக்கான அனுமதிச் சீட்டா எடுத்துக்காதீங்க. சிக்குன்குனியான்னா கதையே வேற. மூட்டுவலி மாசக்கணக்குல இருக்கலாம். வலிக்கற மூட்டோட தார் ரோட்டுல ஓடறது அந்த வலிக்கு வட்டி கட்டற மாதிரி.

ரன்னர்கள்கிட்ட இன்னொரு கெட்ட பழக்கம் இருக்கு. நீண்ட ஓட்டத்துக்கு முன்னாடி ஒரு வலிமாத்திரை போட்டுக்கறது. டெங்குவோ, டெங்குவான்னு சந்தேகமோ இருக்கும்போது ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் வகை மாத்திரைகள் ரத்தக்கசிவைக் கூட்டும். காய்ச்சல் நேரத்துல அதைத் தொடவே தொடாதீங்க. குணமான பிறகும் டாக்டரைக் கேட்காம வேண்டாம்.

எல்லாத்தையும்விட டாக்டர்கள் பயப்படறது இதயத் தசை அழற்சிக்கு. மயோகார்டைட்டிஸ்னு சொல்வாங்க. ஃப்ளூ, கோவிட், டெங்குன்னு பல வைரஸ்கள் அரிதா இதயத் தசையையும் தொட்டுட்டுப் போகும். வீங்கியிருக்கற தசையை ஓட்டத்தால விரட்டும்போது துடிப்பு தாறுமாறாகலாம். திடீர் மரணங்கள்ல சில இப்படி நடக்கறவைதான். இது உறுதியானா மூணுல இருந்து ஆறு மாசம் வரைக்கும் ஓட்டம், ஜிம், கிரிக்கெட் எதுவும் கிடையாது. பிறகு பரிசோதனை செஞ்சுதான் அனுமதி. சர்வதேச விளையாட்டு வீரர்களுக்கும் இதே விதிதான். காய்ச்சலுக்குப் பிறகு நெஞ்சுவலி, படபடப்பு, மயக்கம், செய்யற வேலைக்குச் சம்பந்தமே இல்லாத மூச்சுத்திணறல், கால் வீக்கம் இதுல ஒண்ணு இருந்தாலும் ஷூவைத் தொடாதீங்க. இதய டாக்டரைப் பாருங்க. இ.சி.ஜி., எக்கோ, ஒரு ரத்தப் பரிசோதனை. பல பேருக்கு ஒண்ணும் இருக்காது. அப்போ நிம்மதியா ஓடலாமே!

இதயம் ஒருமுறை நின்னவங்ககூட திரும்பியிருக்காங்க. டென்மார்க் கால்பந்து வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் 2021 ஜூன்ல, யூரோ போட்டி நடக்கும்போதே மைதானத்துல சரிஞ்சு விழுந்ததை உலகமே நேரலையில பார்த்தது. இதயத்துக்கு மின்னதிர்வு கொடுத்துக் காப்பாத்தற கருவியை உடம்புல பொருத்திக்கிட்டு, 2022 பிப்ரவரியில மறுபடி மைதானத்துல இறங்கினார். உலகத்தரமான மருத்துவக் குழு பக்கத்துலயே இருந்தும் எட்டு மாசம் ஆச்சு. நமக்கு ஆறு நாள்!

நம்ம ஊர்லயும் பார்க்கலாம். முன்னாள் சென்னை மேயரும், 2021-ல் சுகாதாரத்துறை அமைச்சரானவருமான மா.சுப்பிரமணியன் 2004-ல் நடந்த விபத்துல காலில் பலத்த அடிபட்டவர், சர்க்கரை நோயும் உண்டு. அப்படியும் நூத்துக்கும் மேற்பட்ட அரை மாரத்தான் ஓடியிருக்கார். ஓடவே கூடாதுன்னு யாரும் சொல்லலை.

சரி, எப்படித்தான் ஆரம்பிக்கறது?

2020-ல் பிரிட்டன் விளையாட்டு மருத்துவர்கள் கோவிட் வந்து போன வீரர்களுக்காக ஒரு வழிமுறை போட்டாங்க. அதுல எனக்குப் பிடிச்சது அதோட தொடக்கக் கோடு. குறைஞ்சது பத்து நாள் ஓய்வு. அதுல ஏழு நாள் எந்த அறிகுறியும் இருக்கக் கூடாது. அதுக்குப் பிறகு, சமதரையில 500 மீட்டர் களைப்போ மூச்சிறைப்போ இல்லாம நடக்க முடியணும். 500 மீட்டர் நடை! மாரத்தான் ஓடறவர்கிட்ட இதைச் சொன்னா சிரிப்பார். நான் சிரிக்கலை. அந்த நவம்பர்ல, தெருமுனை மளிகைக்கடைக்குப் போய்ட்டு வந்து சோபாவுல சாய்ஞ்சவன் நான். டெங்குவுக்கு அதே கணக்கு பொருந்தும்னு சொல்ல மாட்டேன். ஆனா, காய்ச்சல் மாத்திரை இல்லாம ஒரு வாரம் சாதாரணமா இருந்து, வீட்டு வேலை, ஆபீஸ், மாடிப்படி எல்லாம் பழையபடி ஆன பிறகுதான் ஓட்டத்தைப் பத்தியே யோசிக்கணும்கறது எந்தக் காய்ச்சலுக்கும் நல்ல கோடு.

அதுக்கப்புறம் நடை. ஒரு வாரம், பத்து நாள் வெறும் நடை. தமிழ்நாடு அரசு 2023 நவம்பர்ல 'நடப்போம் நலம் பெறுவோம்'னு மாவட்டத்துக்கு ஒண்ணா 8 கிலோமீட்டர் நடைபாதைகளை அறிவிச்சது ஞாபகம் இருக்கா? அதுல ஒரு மூலையைப் பிடிச்சுக்கிட்டு 20 நிமிஷம், அப்புறம் 30 நிமிஷம். எட்டு கிலோமீட்டரையும் முதல் நாளே முடிக்கணும்னு வேண்டுதல் எதுவும் இல்லை.

30 நிமிஷ நடை அலுப்பா தோண ஆரம்பிச்சதும் ஓட்டத்தைத் தூவுங்க. ஒரு நிமிஷம் மெது ஓட்டம், ரெண்டு நிமிஷம் நடை. இதை எட்டுத் தடவை. ஒருநாள் விட்டு ஒருநாள். 'நடக்கறதா, அசிங்கம்'னு நினைக்கறவங்களுக்கு ஒரு தகவல். ஓட்டத்துக்கு நடுவுல வேணும்னே நடக்கற இந்த முறையை உலகம் முழுக்கப் பரப்பின ஜெஃப் கேலோவே, 1972 ஒலிம்பிக்ல அமெரிக்காவுக்காக 10,000 மீட்டர் ஓடினவர்.

வேகத்தை அளக்க வாட்ச் வேண்டாம், வாய் போதும். முழு வாக்கியமா பேச முடிஞ்சா சரியான வேகம். ரெண்டு ரெண்டு வார்த்தையா உடைஞ்சா நடைக்கு மாறுங்க. நான் இயர்போன் போட்டுக்கிட்டு அம்மாவுக்கு போன் பண்ணிட்டு ஓடுவேன். "ஏன்டா மூச்சு வாங்குது?"ன்னு அவங்க கேட்டா அன்னைக்கு நடை. விலை உயர்ந்த எந்த வாட்ச்சும் இவ்ளோ துல்லியமா சொன்னதில்லை.

வாட்ச் உதவற இடம் ஒண்ணு இருக்கு. காலையில கண் முழிச்சதும் படுக்கையிலேயே பார்க்கற துடிப்பு. வழக்கமா 60 இருந்தது இன்னைக்கு 70-னா உடம்பு இன்னும் எதையோ சமாளிச்சிட்டிருக்குன்னு அர்த்தம். அன்னைக்கு லீவு.

இரண்டு மூணு வாரத்துல மூச்சு சுலபமாயிடும். பெரும்பாலானவங்க சிக்கறது அங்கதான். இதயமும் நுரையீரலும் சீக்கிரம் தேறிடும். தசைநாண், எலும்பு எல்லாம் மெதுவாத்தான் வரும். மூச்சு 'போ'ன்னு சொல்லும்போது குதிகால் 'இரு'ன்னு சொல்லும். காய்ச்சலுக்குப் பிறகு ஓட ஆரம்பிச்சு, ஒரு மாசத்துல முழங்கால்வலியோட பிசியோதெரபிக்குப் போறவங்க கதை இதுதான். முதல்ல நாள் எண்ணிக்கையைக் கூட்டுங்க, அப்புறம் நேரத்தை, கடைசியாத்தான் வேகத்தை.

இன்னொரு கோஷ்டி இருக்காங்க, அவங்களுக்கு மேல சொன்ன எதுவும் பொருந்தாது. கொஞ்சம் நடந்தாக்கூட அன்னைக்கு ஒண்ணும் தெரியாது, ஆனா மறுநாளோ அதுக்கும் அடுத்த நாளோ அடிச்சுப் போட்ட மாதிரி ஆயிடும். கோவிட்டுக்குப் பிறகு இது நிறையப் பேருக்கு வந்துச்சு, மத்த வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகும் வரலாம். 'தினமும் கொஞ்சம் கூட்டு, சரியாயிடும்'கற அறிவுரை இவங்களை இன்னும் கீழே தள்ளிடும். இருக்கற சக்திக்குள்ள வாழப் பழகணும், டாக்டரைப் பார்க்கணும். இவங்களைப் பார்த்து 'சோம்பேறி'ன்னு சொல்றவங்களை அன்ஃபாலோ பண்ணலாம்.

ஆப்புக்கு மெடிக்கல் லீவ் தெரியாது

என்னை ஆறாவது நாளே பீச்சுக்குத் தள்ளினது எது? யோசிச்சா, பாதி காரணம் போன்தான். ஸ்ட்ராவாவுல என் ஃபிட்னஸ் கோடு பங்குச்சந்தை மாதிரி சரிஞ்சுட்டே இருந்துச்சு. நண்பர்கள் ஒவ்வொருத்தரும் 18, 20 கிலோமீட்டர்னு போட்டுட்டே இருந்தாங்க. நான் படுக்கையில இருந்தே குடோஸ் கொடுத்துட்டு, உள்ளுக்குள்ள புழுங்கினேன்.

ஆப்பிள் வாட்ச் 2015-ல் வந்துச்சு. தினமும் மூணு வளையத்தையும் மூடச் சொல்லி நச்சரிக்கறது அதோட குணம். உடம்பு சரியில்லைன்னு அந்த வளையங்களுக்கு லீவு கொடுக்கற வசதி எப்போ வந்துச்சு தெரியுமா? 2024-ல். ஒன்பது வருஷமா அந்த வாட்ச்சுக்குக் காய்ச்சல்னா என்னன்னே தெரியாது! உங்க வாட்ச்லயோ ஆப்லயோ இந்த வசதி இருந்தா முதல்ல அதை ஆன் பண்ணுங்க. இல்லைன்னா ஒரு மாசத்துக்கு ஆப்பையே தூக்கிடுங்க. ஓடினது எங்கேயும் பதிவாகலைன்னாலும் கால்ல பதிவாகும்.

மீதி பாதி காரணத்தை ஓட்டங்களை நடத்தறவங்கதான் சரி பண்ணணும். மழைக்கால முடிவுல ஓட்டத்தை வெச்சுட்டு, காய்ச்சல் வந்தவங்களுக்கு ஒரு வழியும் வைக்காம இருக்கறது நியாயமா? மருத்துவச் சான்றிதழ் கொடுத்தா அடுத்த வருஷத்துக்கு மாத்தித் தரலாம். 21-ல இருந்து 10 கிலோமீட்டருக்கு இறங்க விடலாம். அதுக்கு ஆகற செலவு, பந்தயப் பாதையில ஒருத்தர் சரிஞ்சு விழறதோட ஒப்பிட்டா ஒண்ணுமே இல்லை. டாக்டர்களும் டிஸ்சார்ஜ் பேப்பர்ல 'போதிய ஓய்வு'க்குப் பதிலா ரெண்டு வரி சேர்த்து எழுதலாம். எத்தனை வாரம், எதைச் செய்யலாம், எது தெரிஞ்சா திரும்பி வரணும். நாமளும் வாய்விட்டுக் கேட்கணும்தான். நான் ஓடறவன்னு என் டாக்டர்கிட்ட சொல்லவே இல்லை. மயங்கி உட்கார்ந்த அன்னைக்குத்தான் சொன்னேன்.

அந்த ஜனவரியில நான் ஓடலை. விடியக்காலையில போய் ரோட்டோரமா நின்னு, எங்க குரூப் ஆளுங்களுக்கு வாழைப்பழம் நீட்டிட்டிருந்தேன். பிப்ரவரி முழுக்க ஒரு நிமிஷ ஓட்டம், ரெண்டு நிமிஷ நடை. மார்ச் கடைசியில ஒருநாள் நிக்காம அஞ்சு கிலோமீட்டர் ஓடி முடிச்சேன், 41 நிமிஷம். பழைய நேரத்தைவிடப் பத்து நிமிஷம் அதிகம். தண்ணி கொடுத்த அந்தப் பெரியவர் எதிர்ல வந்தார். "இன்னைக்குச் சாப்பிட்டு வந்தியா?"ன்னு கேட்டார். இந்தத் தடவை டெங்கு கதையை முழுசா சொன்னேன். கூடவே நடந்துக்கிட்டுக் கேட்டார்.

அடுத்த ஜனவரி ஓட்டத்துக்கான பதிவு லிங்க் குரூப்ல வந்தாச்சு. முதல் வேலையா ரீஃபண்ட் விதியைப் படிச்சுட்டிருக்கேன்.